வாசகர் கேள்வி - பதில்: வார்சாவின் ‘பழைய’ நகரம்

கேள்வி: என் மகனுக்கு போலந்தில் வேலை. வார்சா பழைய நகரத்தின் படங்களை அனுப்பி, ‘வாம்மா, சுற்றிக் காட்டுகிறேன்’ என்கிறான். விசாரித்தால் எல்லாமே 1950களில் கட்டியதாம். டூப்ளிகேட்டைப் பார்க்கவா இவ்வளவு செலவு செய்து போக வேண்டும்? - வாசகி, கும்பகோணம்

பதில்: மகன் டிக்கெட் எடுத்துத் தருகிறான் என்றால் முதலில் கிளம்புங்கள், மற்றதை அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்! டூப்ளிகேட்தான், மறுக்கவில்லை. ஆனால் எப்படிப்பட்ட டூப்ளிகேட் என்று பாருங்கள். 1944 ஆகஸ்ட் 1 அன்று வார்சா மக்கள் நாஜிகளை எதிர்த்துக் கிளம்பி 63 நாள் சண்டை போட்டுத் தோற்றார்கள்; தோற்ற பிறகும் விடாமல், மிச்சமிருந்த ஜனங்களை வெளியேற்றிவிட்டு, தெருத் தெருவாகத் தீ வைத்தும் வெடி வைத்தும் நகரத்தையே தரைமட்டமாக்கியது ஜெர்மன் படை. பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அதைத் திரும்பக் கட்டியதற்காகவே யுனெஸ்கோ 1980இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழசு என்பதற்காக அல்ல, கட்டிய விதத்துக்காக.

கேள்வி: பழைய ஓவியங்களைப் பார்த்தே அச்சு அசலாகக் கட்டினார்கள் என்கிறார்களே, உண்மையா? - வாசகர், மதுரை

பதில்: பாதி உண்மை. 18ஆம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெர்னார்டோ பெல்லோட்டோ வரைந்த நகரக் காட்சிகள் உதவியது நிஜம். ஆனால் அவர் வரைந்ததில் பெரும்பாலானவை பழைய நகரத்துக்கு வெளியே இருந்த பெரிய தெருக்களும் அரண்மனைகளும். பழைய நகரத்து வீடுகளுக்குக் கைகொடுத்தது, போருக்கு முன் வார்சா பாலிடெக்னிக் மாணவர்கள் அளவெடுத்து வரைந்து வைத்திருந்த படங்கள்தான். அவற்றை பியோத்ர்கூஃப் ஊர் மடாலயத்தில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். கதை சொல்ல ஓவியர்தான் வசதி, அதனால் மாணவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அச்சு அசல் என்பதும் சரியில்லை: முகப்பு மட்டும் அந்தக் காலம், உள்ளே குழாய், கழிவறையோடு 1950களின் குடியிருப்பு, இருட்டடைந்து கிடந்த பின்கட்டுகளில் பலவற்றைத் திரும்பக் கட்டவே இல்லை.

கேள்வி: அரை நாள்தான் கிடைக்கும். எப்படி நடந்தால் நன்றாக இருக்கும்? - வாசகர், கோவை

பதில்: அரண்மனைச் சதுக்கத்தில் ஆரம்பியுங்கள், காலை 11.15க்கு முன்னால் போய்விடுங்கள். 1939 செப்டம்பர் 17 அன்று குண்டுவீச்சில் அரண்மனைக் கடிகாரம் நின்றுபோன நேரம் அது; இப்போது தினமும் அதே நேரத்துக்குக் கோபுரத்திலிருந்து ஊதுகொம்பு ஒலிக்கிறது. அரண்மனையைக் கட்ட அரசு முடிவெடுத்ததே 1971இல்தான், மக்கள் கொடுத்த நன்கொடையில் எழும்பியது. இடிபாட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த சிற்பத் துண்டுகளைப் புதுச் சுவரில் ஆங்காங்கே பதித்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். சதுக்கத்தில் மன்னர் சிக்மண்ட் நிற்கும் தூண் 1949இல் வைத்தது. உடைந்த பழைய தூண்கள் அரண்மனைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடக்கின்றன, பலரும் கவனிக்காமல் செல்ஃபி எடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்புறம் செயின்ட் ஜான் பேராலயம்: முன்வாசலோடு திரும்பிவிடாமல் பக்கத்துச் சந்துக்குள் போனால், ஜெர்மன் வெடிகுண்டு வண்டியின் இரும்புச் சங்கிலிப் பட்டை சுவரில் பதிந்திருப்பதைத் தொடும் தூரத்தில் பார்க்கலாம். பேராலயத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு முற்றம், நடுவில் விரிசல் விட்ட 17ஆம் நூற்றாண்டு மணி. மூன்று முறை சுற்றினால் நினைத்தது நடக்குமாம். நவக்கிரகத்தை ஒன்பது சுற்றுச் சுற்றிப் பழகியவர்களுக்கு மூன்று என்ன பெரிய விஷயம், சுற்றிவிட்டு வாருங்கள். கடைத்தெருச் சதுக்கத்தில் கடற்கன்னி சிலை இருக்கிறது, அழகுதான், கூட்டமும் அதிகம், சீக்கிரம் நகர்ந்துவிடலாம். கடைசியாக பார்பிகன் என்கிற வட்டக் கோட்டை வாசல். அதன் செங்கலில் ஒரு பகுதி விரோட்ஸ்வாஃப், நிசா ஊர்களில் இடித்த பழைய கட்டடங்களிலிருந்து வந்தது. தலைநகரத்துப் பழமைக்காக வேறு ஊர்ப் பழமையைப் பிரித்து எடுத்து வந்திருக்கிறார்கள்! எனக்கு இதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி, அதோடு சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? - வாசகி, சேலம்

பதில்: தெருவெல்லாம் உருளைக்கல் பாவியது, தட்டையான ஷூ இல்லாமல் கூட்டிப்போகாதீர்கள். டிராமில் ‘ஸ்டாரே மியாஸ்தோ’ நிறுத்தத்தில் இறங்கினால் சதுக்கம் வரை ஏற எஸ்கலேட்டர் இருக்கிறது, முதன்முதலில் 1949லேயே போட்டது. சாப்பாட்டுக்குச் சதுக்கத்து ஓட்டல்கள் வேண்டாம், விலை எகிறும். ‘பால் பார்’ எனப்படும் மலிவு உணவகங்களில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியரோகி கிடைக்கும், நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஆனால் மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் தூவிக் கொடுப்பார்கள், ஆர்டர் செய்யும்போதே ‘ஸ்க்வார்கி வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.