மாதம் 940 வெள்ளி பூப்பந்துக்கு: டிஎஸ்ஏ கனவில் இருக்கும் பெற்றோருக்கு

சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீட்டில் வசிக்கும் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். அம்மாவுக்கு டிஎஸ்ஏ பற்றி ஒரே கேள்விதான். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, விளையாட்டு போன்ற திறமையை வைத்து உயர்நிலைப் பள்ளிகள் நேரடியாக இடம் தரும் திட்டம் அது. "சார், அடுத்த வருஷம் டிஎஸ்ஏவுக்குப் போடணும். கோச்சை மாத்தலாமா, இல்ல இவர்கிட்டயே இன்னொரு கிளாஸ் சேர்க்கலாமா?"

"பதற்றப்படாதீங்கம்மா, இன்னும் நேரம் இருக்கு" என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் அவர் கைப்பேசியில் வைத்திருந்த செலவுக் கணக்கைக் காட்டினார். வாரம் மூன்று குழுப் பயிற்சி, சனிக்கிழமை தனிப் பயிற்சி, மட்டைக்கு நரம்பு மாற்றுவது, இறகுப்பந்து டப்பாக்கள், போகவர வாடகைக் கார், வலது முழங்காலுக்கு பிசியோதெரபி. மாதம் 940 வெள்ளி. கணக்குக்கும் அறிவியலுக்கும் போகும் துணைப்பாடம் தனி. அப்பா கப்பல் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் செய்கிறார். கணக்கைப் பார்த்த பிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகப் படவில்லை. கோச்சை மாற்றவும் வேண்டாம், வகுப்பைக் கூட்டவும் வேண்டாம், தனிப் பயிற்சியை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள் என்றேன்.

இதில் பெரியப்பாவின் பங்கு பெரிது. அவர் மகன் டிஎஸ்ஏ வழியாகப் பெயர்பெற்ற பள்ளியொன்றில் சேர்ந்தவன். தீபாவளி, பொங்கல் என்று குடும்பம் கூடும்போதெல்லாம் அந்தக் கதை ஒருமுறை ஓடிவிடும். ஜோசஃப் ஸ்கூலிங்கையும் துணைக்கு இழுப்பாராம். ஸ்கூலிங் 2016இல் ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கியது நம் எல்லாருக்கும் பெருமைதான். ஆனால் சிங்கப்பூர் இதுவரை வாங்கிய ஒரே ஒலிம்பிக் தங்கம் அது. அதை வைத்து ஒரு குடும்பம் மாதச் செலவுக்குத் திட்டம் போட முடியுமா? பெரியப்பாவுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நான் சி. குணாளனைச் சொல்வேன். காற்பந்து ஆடிக்கொண்டிருந்தவரைப் பயிற்றுவிப்பாளர் டான் எங் யூன் ஓட்டத்துக்கு இழுத்தபோது வயது இருபதைத் தாண்டியிருந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2001 வரை யாரும் முறியடிக்கவில்லை. பத்து வயதுக்குள் ஆரம்பிக்காவிட்டால் எல்லாம் போச்சு என்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

டிஎஸ்ஏ விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இந்தச் செலவெல்லாம் அதற்கு முன்னால் பெற்றோர் தாங்களாகவே தலையில் ஏற்றிக்கொள்வது. இடம் உறுதியாகிவிட்டால் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிவு எவ்வளவு நன்றாக வந்தாலும் வேறு பள்ளி கேட்க முடியாது. எந்த விளையாட்டுக்காக எடுத்தார்களோ அதைப் பிள்ளை அங்கே தொடர்ந்து ஆடவேண்டும். ஆர்வம் அரைமனதாக இருக்கும் பிள்ளைக்கு அந்த நான்கு வருடம் எப்படி இருக்கும்? டிஎஸ்ஏவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படியொரு திட்டமே இல்லாவிட்டாலும் காலையில் எழுந்து பயிற்சிக்கு ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அது அவர்களுக்கானது. 2018லிருந்து அக்கம்பக்கப் பள்ளிகளும் 20 விழுக்காடு இடங்கள்வரை டிஎஸ்ஏவில் எடுக்கலாம் என்றிருக்கும்போது, ஏன் எல்லாரும் அதே நாலைந்து பள்ளிப் பெயர்களையே சொல்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிவதில்லை.

பணத்துக்கு வருவோம். இங்கே குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்டது 2018இல் 140 கோடி வெள்ளி, 2023இல் 180 கோடி. விளையாட்டும் அதே வழியில் இன்னொரு துணைப்பாடமாகிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்பென் கழகம் எடுத்த கணக்குப்படி, 2024இல் ஒரு குடும்பம் பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 1,016 அமெரிக்க டாலர் செலவிட்டது. 2019ஐவிட 46 விழுக்காடு கூடுதல் என்று அங்கே பெரிய பேச்சு. நம் ஈசூன் குடும்பம் அந்தத் தொகையை ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் கரைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் அந்த அப்பாவிடம் சொன்னேன். யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குடும்ப வருமானத்தில் விளையாட்டுக்குப் போகும் பங்கு கூடக்கூட, பெற்றோர் நெருக்குகிறார்கள் என்ற உணர்வு பிள்ளைக்குக் கூடுகிறது, அதனால் விளையாட்டில் சந்தோஷம் குறைகிறது, தொடர்ந்து ஆடும் எண்ணமும் குறைகிறது. அவர் எதுவும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏன் வீட்டில் இல்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்?

முழங்கால் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடலாம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த விளையாட்டை விட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. பதினொரு வயதில் பிசியோதெரபிக்குப் போகும் நிலை வந்தபிறகும் வகுப்பைக் கூட்டலாமா என்று கேட்பது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது.

சரி, பிள்ளை என்ன சொல்கிறாள்? பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டேன், "ஒரு சனிக்கிழமை முழுக்க உனக்கே விட்டா என்ன பண்ணுவே?" கொஞ்சமும் யோசிக்கவில்லை. அத்தை வீட்டாரோடு பிடோக் நீர்த்தேக்கத்தில் கயாக் ஓட்டியதைச் சொல்ல ஆரம்பித்தாள். படகு எப்படித் திரும்பியது, யார் விழுந்தார்கள், துடுப்பை எந்தப் பக்கம் போட்டால் நேராகப் போகும் என்று கை அசைத்துக் காட்டினாள். பூப்பந்தைப் பற்றிக் கேட்டால் "ஓகேதான்" என்ற ஒரு சொல்.

"அது பொழுதுபோக்குதானே சார்" என்றார் அம்மா. நம் குடும்பங்களில் அதிகம் யாரும் எட்டிப்பார்க்காத வழி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கயாக் சில உயர்நிலைப் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கை. தொடக்கப் பள்ளிப் போட்டிகளில் அது கிடையாது. ஆகவே உயர்நிலை ஒன்றில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் அன்றுதான் துடுப்பைப் பிடிக்கிறார்கள், ஐந்து வருடம் தனிப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர் என்று பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார். கொஞ்சம் அகலமான டி1 படகில் பழக்குவார்கள். அப்புறம் கே1 என்ற ஒற்றையாள் பந்தயப் படகு. அது ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், இடுப்பு நுழையும் அளவுதான் அகலம். முதல்முறை உட்காருகிறவர் சில விநாடிகளில் தண்ணீரில் கிடப்பார். விழுந்து, படகைக் கரைக்கு இழுத்து, கவிழ்த்துத் தண்ணீர் வடித்து, மறுபடி ஏறுவதிலேயே ஆரம்ப வாரங்கள் போய்விடும். தோளில் படகைத் தூக்க ஆள் வேண்டும் என்பதால் சீனியர், ஜூனியர் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். கைதான் வலிக்கும் என்று நினைப்பார்கள், ஆனால் வேகம் காலை அழுத்தி இடுப்பைத் திருப்புவதில் இருக்கிறது. மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் கரையேற வேண்டும். மழை மாதங்களில் பாதிப் பயிற்சி கரையிலேயே நடக்கும்: ஓட்டம், புல்-அப், எடை தூக்குவது.

படகு, துடுப்பு, உயிர்காப்பு அங்கி எல்லாம் பொதுவாகப் பள்ளியின் பொறுப்பு. வீட்டிலிருந்து சீக்கிரம் உலரும் சட்டை, பழைய காலணி, சன்ஸ்கிரீன், மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் அதற்கு ஒரு பட்டை. நீச்சல் மட்டும் தெரிந்திருக்க வேண்டும், பெரும்பாலும் 50 மீட்டர் கேட்பார்கள். இப்போதைக்கு இவள் விஷயத்தில் செலவு செய்யத் தகுந்தது அது ஒன்றுதான்: பொது நீச்சல்குளத்தில் நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் சொல்லித்தரும் ஸ்விம்சேஃபர் வகுப்பு, வெண்கல நிலைவரை.

பதக்கம் வாங்காவிட்டால் என்ன பயன் என்று அப்பா கேட்டார். உயர்நிலையில் இணைப்பாட நடவடிக்கைகளை மதிப்பிடும் லீப்ஸ் 2.0 முறையில் பங்கேற்பு, சாதனை, தலைமைத்துவம், சேவை என நான்கையும் பார்க்கிறார்கள். ஒரே நடவடிக்கையில் நான்கு வருடம் 75 விழுக்காடு வருகையோடு நிலைத்திருப்பதே பங்கேற்பில் உயர்ந்த படிக்குக் கொண்டுபோகும். மிகச் சிறந்த தேர்ச்சிக்குத் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி சேர்க்கையில் 2 புள்ளி சலுகை உண்டு. ஆர்வம் அப்போதும் இருந்தால் ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வெளிப்புறச் சாகசக் கற்றலுக்கென்றே பட்டயப் படிப்பு இருக்கிறது, நாட்டத்தைப் பார்த்து முன்கூட்டியே சேர்க்கும் திட்டமும் இருக்கிறது. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைக்கு இப்போதே வேலை முடிவு செய்யும் எண்ணம் எனக்கு இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

மாதம் 940 என்றால் வருடத்துக்கு 11,280 வெள்ளி. குடிமக்களுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 வெள்ளி. மூன்று வருடப் பட்டயத்தையே அந்தப் பணத்தில் முடித்துவிடலாம். பிள்ளையின் விளையாட்டுக்காக ஓவர்டைம் எடுக்கும் நிலை வந்தாலே அந்தச் செலவை வெட்டியாக வேண்டும். இதில் பேரம் கிடையாது. பூப்பந்தை விடச் சொல்லவில்லை. பள்ளிக் குழுவில் ஆடட்டும், ஞாயிறு மாலை ஆக்டிவ்எஸ்ஜி பொது விளையாட்டு அரங்கில் அப்பாவோடு ஆடட்டும்.

பெரியப்பா கேட்டால் "அவளுக்கு வேற விளையாட்டு பிடிச்சிருக்கு அண்ணா" என்று அப்பாவே சொல்லட்டும், மகளைப் பேசவிட வேண்டாம். கல்வி அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டர் தளத்தில் இணைப்பாட நடவடிக்கையை வைத்தே பள்ளி தேடலாம். வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போகக்கூடிய பள்ளிகளாகப் பாருங்கள், ஏனென்றால் நீர்த்தேக்கத்திலிருந்து திரும்ப இருட்டிவிடும். பொது வரவேற்பு நாளன்று ஆசிரியரிடம் கேட்க வேண்டியது: வாரம் எத்தனை நாள் தண்ணீரில், போகவரப் பேருந்து யார் செலவு, உயர்நிலை ஒன்றில் எத்தனை பேரை எடுப்பீர்கள், நீச்சல் சோதனை எந்த மாதம். கடைசிக் கேள்வியை மகளே கேட்கட்டும்.