சிறுவயதில் விரும்பிப் படித்த நூல் வரிசையைப் பெரியவரான பின் மீண்டும் படித்ததுண்டா? அப்போது என்ன தோன்றியது?

உண்டு. லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய ‘லிட்டில் ஹவுஸ்’ நூல்களைப் பள்ளி நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து படித்து, கடைசி நூலை முடித்த கையோடு முதல் நூலை மறுபடி தொடங்கும் அளவுக்கு நேசித்தவள் நான். என் மகளுக்குப் படித்துக் காட்டுவதற்காகச் சென்ற ஆண்டு அவற்றை மீண்டும் கையில் எடுத்தேன். சிறுமியாக இருந்தபோது அந்த நூல்கள் எனக்குக் கொடுத்தது பாதுகாப்பு உணர்வு. வெளியே ஓநாய் ஊளையிடும், பனி கொட்டும்; உள்ளே அடுப்பு எரியும், அப்பா பிடில் வாசிப்பார். இப்போது படிக்கும்போது, அந்தப் பாதுகாப்பை யார் பாடுபட்டு உண்டாக்கினார்கள், அதற்காக எவற்றைச் சொல்லாமல் விட்டார்கள், அதற்கான விலையை வேறு யாரெல்லாம் கொடுத்தார்கள் என்பதே பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் பட்டது.

படிக்காதவர்களுக்காகச் சில விவரங்கள். லாரா 1867இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பெப்பின் என்ற ஊருக்கு அருகில் இருந்த காட்டு வீட்டில் பிறந்தார். தந்தை சார்லஸ், தாய் கரோலின், அக்கா மேரி, தங்கைகள் கேரியும் கிரேஸும். சொந்த நிலம் தேடி இந்தக் குடும்பம் கூண்டு வண்டியில் கான்சாஸ், மினசோட்டா, டகோட்டா என்று இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. முதல் நூல் 1932இல் வெளிவந்தபோது லாராவுக்கு வயது 65. 1943க்குள் எட்டு நூல்கள் வந்துவிட்டன. அப்போதே பெயர் பெற்ற எழுத்தாளராக இருந்த மகள் ரோஸ் வைல்டர் லேன், தாயின் கையெழுத்துப் படிகளைச் செப்பனிட்டுக் கொடுத்தார்.

முதல் நூலைப் பொறுத்தவரை என் பழைய அன்பில் ஒரு குறையும் நேரவில்லை. குளிர்காலத்தில் பால் வெளிறிப்போவதால் வெண்ணெயும் வெளிறிப்போகும் என்று, ஆணியால் துளையிட்ட தகரத்தில் அம்மா கேரட்டைத் துருவி, பாலில் காய்ச்சி, வடிகட்டிய மஞ்சள் பாலை மத்துப் பாத்திரத்தில் ஊற்றிக் கடைவார். பிழிந்து மிஞ்சிய கேரட் துருவல் இரு பெண் குழந்தைகளுக்கும் கிடைக்கும். சிறுவயதில் அந்தத் துருவலின் ருசியை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெண்ணெய் மஞ்சளாக இருந்தால்தான் என்ன, வெளுத்திருந்தால்தான் என்ன? காட்டு நடுவில் அதைப் பார்க்க வீட்டாரைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஆயினும் தன் மேசைக்கு வருவது கண்ணுக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் என் மனத்தில் பட்டது.

உண்மையில் இந்த மறுவாசிப்பில் எனக்கு நெருக்கமானவர் கரோலின்தான். முன்பு நான் அப்பாவின் பக்கம். கதை சொல்பவர், பாடுபவர், மேற்கே போகத் துடிப்பவர். அம்மா கண்டிப்பவர் மட்டுமே. இப்போது பார்த்தால், அப்பா ‘போகலாம்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், கட்டி முடித்த வீட்டையும் முளைத்து வந்த தோட்டத்தையும் விட்டு வண்டியேறுபவர் அம்மா. அவரிடம் ஆடு மேய்க்கும் பெண்ணின் சிறிய பீங்கான் பொம்மை ஒன்று உண்டு. அது அவ்வளவு தூரப் பயணத்திலும் உடையாமல் வரும். புதிய இடத்தில் வீடு வீடாகிவிட்டது என்று அவர் மனம் ஒப்பிய பிறகுதான் பொதியிலிருந்து வெளியே வந்து மாடத்தில் ஏறும். கான்சாஸில் கணப்பு கட்டி முடித்து, அதன் மேல் பலகை பொருத்திய பிறகே அதை வைக்கிறார். அது வரை இந்த இடத்தை அவர் நம்பவில்லை என்பதை லாரா ஒரு சொல்லாலும் விளக்குவதில்லை; பொம்மையை எடுத்து வைப்பதை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இப்படி எழுதுவதற்கு எவ்வளவு தேர்ச்சி வேண்டும் என்பது சிறுவயதில் புரிந்திருக்க வழியில்லை.

பணக் கணக்கும் அப்போது புரியவில்லை. மினசோட்டாவில் வால்நட் குரோவ் அருகே, வரப்போகும் கோதுமை விளைச்சலை நம்பி அப்பா கடனுக்கு மரமும் கண்ணாடி ஜன்னல்களும் வாங்கி வீடு கட்டுகிறார். அறுவடைக்குச் சற்று முன் வெட்டுக்கிளிக் கூட்டம் சூரியனை மறைத்து இறங்கி, கோதுமை, புல், இலை என்று எதையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிடுகிறது. போகும்போது மண்ணில் முட்டையிட்டுவிட்டும் போகிறது, ஆகவே மறுவருடமும் விளைச்சல் இல்லை. இது கற்பனை அன்று. 1870களின் நடுவில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் அந்தச் சமவெளிகளை ஆண்டுக் கணக்கில் அழித்தன. அந்த இனமே பின்னர் மறைந்துபோனது, உயிரோடு கடைசியாகக் கிடைத்தது 1902இல். பூட்ஸ் வாங்க வைத்திருந்த மூன்று டாலரை அப்பா தேவாலய மணிக்குக் கொடுத்துவிட்டிருந்தார். ஆகவே ஒட்டுப்போட்ட பழைய பூட்ஸுடன் கிழக்கே, பயிர் தப்பித்த ஊர்களை நோக்கிக் கூலி வேலைக்கு நடந்தே போகிறார். பத்து வயதில் அதை வீரச் செயலாகப் படித்தேன். இப்போது, கடனும் மூன்று குழந்தைகளும் கரோலினிடம் விடப்பட்டிருக்கும் அந்த வாரங்களை நினைத்து என்னால் அடுத்த அத்தியாயத்துக்குச் சுலபமாகப் போக முடியவில்லை.

இதோடு சேர்த்து, நூல்களில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். லாரா 1930 வாக்கில் பெரியவர்களுக்காக எழுதிய ‘பயனியர் கேர்ள்’ என்ற தன்வரலாற்றைப் பதிப்பாளர்கள் மறுத்துவிட்டனர். அது விரிவான குறிப்புகளோடு அச்சில் வந்தது 2014இல்தான். இந்த முறை இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு படித்தேன். லாராவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான்; பெயர் ஃபிரெடி. 1875 நவம்பரில் பிறந்து 1876 ஆகஸ்டில், ஒன்பது மாதக் குழந்தையாக இறந்துபோனான். சிறுவர் நூல்களில் அவன் பெயர் ஓரிடத்திலும் வராது. அதன் பின் குடும்பம் ஐயோவாவின் பர் ஓக் என்ற ஊரில் ஒரு விடுதியில் வேலை செய்தது, கடைசியில் வாடகைப் பாக்கி தீர்க்க வழியின்றி இரவோடிரவாக ஊரைவிட்டு வெளியேறியது ஆகிய எல்லாமே விடுபட்டிருக்கின்றன. எல்லோரும் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கடப்பதாக நான் நம்பியிருந்த காலத்துக்கு நடுவே இப்படி ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம் பெற்றோரைக் குழந்தைகளுக்கு முன் எப்படி நிறுத்த வேண்டும் என்று ஒரு மகள் எடுத்த முடிவு அது. ஆனாலும் அந்த முடிவு எதைக் காத்தது, எதை இழந்தது என்று வாசிக்கும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவதாக வந்த கான்சாஸ் நூலுக்கு வருகிறேன். என் மனம் மிகவும் சங்கடப்பட்டது அங்கேதான். இங்கல்ஸ் குடும்பம் 1869இல் குடியேறிய இடம் ஓசேஜ் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம். அங்கே வீடு கட்ட அவர்களுக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. அரசு எப்படியும் திறந்துவிடும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே போய் இடம் பிடித்தவர்களில் அவர்களும் அடக்கம். 1870இல் ஓசேஜ் மக்கள் அந்த நிலத்தைக் கைவிட நேர்ந்தது. இன்றைய ஓக்லஹோமா பகுதிக்குப் போனார்கள். லாரா அப்போது மூன்று வயதுக் குழந்தை. ஆகவே நூலில் வருவதில் பெரும்பகுதி பெற்றோர் சொல்லக் கேட்டதும் பிற்காலத்தில் தேடித் திரட்டியதுமே.

நூலில் ஒரு சிறிய உரையாடல் உண்டு. வெள்ளையர் வந்து குடியேறும்போது பூர்வகுடிகள் விலகிப் போய்த்தான் ஆக வேண்டும், அரசு அவர்களை மேற்கே அனுப்பிவிடும் என்று அப்பா சொல்கிறார். இது அவர்களுடைய நிலம் ஆயிற்றே, அவர்களுக்குக் கோபம் வராதா என்று லாரா கேட்கத் தொடங்குகிறாள். கேள்வியை முடிப்பதற்குள், போதும், தூங்கு என்று அப்பா அதட்டிவிடுகிறார். அந்த இடத்தில் முன்பு நான் நின்றதாகவே நினைவில்லை. இப்போது நூல் முழுவதிலும் மிக நேர்மையான இடம் அதுதான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் எதற்கும் பொறுமையாக விடை சொல்லும் அந்தத் தந்தையிடம் இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லை. ஓசேஜ் மக்கள் வரிசையாகக் குதிரைகளில் வெளியேறும் அத்தியாயமும் அப்படித்தான். கூடையில் போகும் ஒரு கைக்குழந்தையின் கண்களைப் பார்த்து, அது வேண்டும் என்று லாரா அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டம்மாவின் வாயில் பூர்வகுடிகளைப் பற்றி வரும் கொடுஞ்சொற்களையும், கரோலினின் வெளிப்படையான வெறுப்பையும் நூல் மறைக்கவில்லை. அப்பா அவற்றை ஏற்பதில்லை. ஆனால் நிலத்தில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

1935இல் வந்த பதிப்பின் தொடக்கத்தில், அந்தச் சமவெளியில் மனிதர்களே இல்லை, பூர்வகுடிகள் மட்டுமே வாழ்ந்தனர் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்ட பிறகு, லாராவே தம் பிழையை ஒப்புக்கொள்ள, மறுவருடப் பதிப்பில் அது திருத்தப்பட்டது. அவர் பெயரால் 1954 முதல் வழங்கப்பட்டு வந்த விருதின் பெயரையும் அமெரிக்க நூலகர்கள் 2018இல் மாற்றிவிட்டனர். இரண்டும் சரியான செயல்கள் என்பது என் கருத்து. பூர்வகுடிக் குழந்தை ஒன்று தன்னைப் பற்றி இப்படி எழுதியவர் பெயரில் உள்ள விருதை ஏந்திய நூலைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. அதற்காக இந்த நூல்களை அலமாரியிலிருந்து அகற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய நூல்கள் இவை.

அதே நூலில் நம் நாட்டோடு தொடர்புள்ள ஓரிடமும் உண்டு. குடும்பம் முழுவதும் குளிர்காய்ச்சலில் விழுகிறது. தர்ப்பூசணி தின்றதுதான் காரணம் என்று பக்கத்து வீட்டம்மா உறுதியாகச் சொல்ல, அப்பா அதை நம்பாமல் ஒரு பழத்தைக் கொண்டுவந்து தின்று காட்டுகிறார். அது மலேரியா, கொசுதான் அதைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897இல், அதாவது அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பிறகு. அவர்களுக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றிய டாக்டர் டான் ஒரு கறுப்பினத்தவர். கற்பனைப் பாத்திரம் அல்லர், ஜார்ஜ் டான் என்ற பெயரில் உண்மையிலேயே அங்கே ஓசேஜ் மக்களிடையே மருத்துவம் பார்த்தவர்.

எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்பது ஆறாவதாக வந்த ‘தி லாங் வின்டர்’. 1880 அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் டகோட்டாவின் டி ஸ்மெட் ஊருக்கு ரயிலை நிறுத்திவிடுகின்றன. மறுபடி ரயில் வருவது மே மாதத்தில்தான். நிலக்கரி தீர்ந்ததும் வைக்கோலை முறுக்கி முறுக்கி எரிக்கிறார்கள். மாவு தீர்ந்ததும் விதைக் கோதுமையைக் காபிக்கொட்டை அரைக்கும் சிறு இயந்திரத்தில் மாற்றி மாற்றி நாள் முழுவதும் அரைக்கிறார்கள். அரைத்தது ஒரு நாள் ரொட்டிக்கு மட்டுமே போதும். ஓரிரவு அப்பா பிடிலை எடுக்கிறார். குளிரிலும் வைக்கோல் முறுக்கியதிலும் விறைத்து வீங்கிய விரல்களால் வாசிக்க முடியாமல் பெட்டியில் வைத்துவிடுகிறார். முதல் நூலிலிருந்து அந்தப் பிடிலைக் கேட்டுக்கொண்டே வந்தவர்களுக்கு, அந்த இடத்தில்தான் குடும்பம் எவ்வளவு கீழே போய்விட்டது என்பது உறைக்கும். சிறுமியாக நான் பசியைப் படித்தேன், அம்மா பட்டனையும் துணியையும் வண்டி அச்சுக்குத் தடவும் கொழுப்பையும் வைத்து விளக்கு செய்வதை ரசித்தேன். பிடில் பெட்டி மூடப்பட்டதை இப்போதுதான் படித்தேன்.

லாரா 15 வயதில் ஆசிரியையாகப் போய்த் தங்கும் வீட்டின் பெண்மணியையும் மறுபடி சந்தித்தேன். பனிச் சமவெளியின் நடுவே ஓரறைக் குடிசையில், பேசுவதற்கு ஆளில்லாமல், ஊருக்குத் திரும்பக் கூட்டிப் போகும்படி நள்ளிரவில் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கணவனிடம் கதறும் பெண் அவர். அவரை முன்பு வில்லியாகவே நினைத்து வெறுத்தேன். திரைக்கு மறுபுறம் படுத்திருந்த லாராவின் பயம் இன்னும் உண்மையானதுதான். ஆனால் கத்தியைப் பிடித்தவரும் உதவி தேவைப்பட்ட ஒருவரே.

நீங்களும் இவற்றை மீண்டும் படிக்க எண்ணினால், ‘பயனியர் கேர்ள்’ குறிப்புப் பதிப்பைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு படிப்பதானால், லூயிஸ் எர்ட்ரிக் எழுதி 1999இல் வந்த ‘தி பர்ச்பார்க் ஹவுஸ்’ நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரா பிறந்த அதே வட பகுதியில், சுப்பீரியர் ஏரித் தீவு ஒன்றில் 1847இல் வாழும் ஓஜிப்வே சிறுமியின் கதை அது. அங்கும் வீடு கட்டுவதும், கருப்பட்டிபோல் மரச்சாற்றைக் காய்ச்சுவதும், பாட்டி சொல்லும் கதைகளும் உண்டு. ஒரு குளிர்காலத்தில் பெரியம்மை வருகிறது. அந்தச் சிறுமியின் கைக்குழந்தைத் தம்பி இறந்துபோகிறான். எர்ட்ரிக் அதை எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயத்தை நான் என் மகளுக்கு ஒரு வரியும் விடாமல் படித்துக் காட்டினேன். படித்து முடித்த பிறகு, லாராவின் தம்பி ஃபிரெடியைப் பற்றியும் அவளிடம் சொன்னேன்.