மொட்டைமாடிச் சாவி

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற மாதக் கட்டுரை ஒன்றில் போகிற போக்கில், கோடைக்காலப் பயிற்சி முகாம்களைச் ‘சீருடை போடாத பள்ளிக்கூடம்’ என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துக்கொண்டே வாசித்தேன். மறுநாள் காலையே அப்படியொரு முகாமுக்குப் போய் விண்ணப்பமும் வாங்கிவந்தேன். வேறு வழி தெரியவில்லை.

திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் மாமியார் இருக்கிறார். மூட்டுவலி, அதிகம் நடமாட முடியாது. விடுமுறை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிள்ளைகள் சோபாவும் செல்போனுமாக ஆகிவிட்டார்கள். போனைப் பிடுங்கினால், “சரி, வேறென்ன செய்வது, நீயே சொல்” என்கிறாள் மகள். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முகாமுக்கு இரண்டு பேருக்குமாக 14,000 ரூபாய் கேட்கிறார்கள். காலையில் ஓவியம், பிறகு ரோபோ, பிறகு ஆளுமை வளர்ச்சி.

எழுத்தாளர்கள் எல்லோரும் பாட்டி வீடு, கிணற்றுக் குளியல், மாந்தோப்பு என்றே எழுதுகிறீர்கள். எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு இருக்கிறது, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு குடும்பமாகச் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

வாசகி, திருச்சி

*

அன்புள்ள வாசகிக்கு,

கிண்டல் செய்தவனே வழியும் சொல்லட்டும் என்கிறீர்கள். நியாயம்தான்.

முதலில் அந்தப் பாட்டி வீட்டு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். எனக்கும் பாட்டி வீடு இருந்தது, கிணறு இருந்தது. ஒரு கோடையில் பதினான்கு பேரப்பிள்ளைகள் கூடியிருந்தோம். அந்த இரண்டு மாதமும் என் பெரியத்தை அடுக்களையை விட்டு வெளியே வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நாங்கள் கிணற்றில் குதித்து, மாங்காய் அடித்து, மண்ணில் புரண்டு வரும்போதெல்லாம் ஒரு தட்டில் ஏதாவது தயாராக இருக்கும். அதை எப்படி யார் செய்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. இன்று அதை ‘அந்தக் காலத்துக் கோடை’ என்று உருகி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல் தட்டில் இருந்ததைத் தின்றவர்கள். சுட்டவர்கள் யாரும் எழுதவில்லை. ஆகவே வேலைக்குப் போகிற உங்களிடம், பாட்டி வீட்டை மூன்றாவது மாடியில் கட்டுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

எனக்குத் தோன்றியது வேறு. உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவது மாடிக்கு மேலே ஒரு மொட்டைமாடி இருக்குமே, அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அநேகமாகப் பூட்டியிருக்கும். சாவி வாட்ச்மேனிடமோ சங்கச் செயலாளரிடமோ இருக்கும். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, யாரோ போட்டுவைத்த உடைந்த நாற்காலி. அந்தச் சாவியை வாங்குங்கள். கைப்பிடிச் சுவர் உங்கள் மகனின் நெஞ்சுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள், பெரியவர் இல்லாமல் அவன் ஏறக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லப்போகிற எல்லாமே அங்கே நடக்கிறவை. சனி, ஞாயிறு காலையும் சில ராத்திரிகளும் போதும்.

கத்திரி வெயிலை வைத்துச் செய்ய நம் ஊரில் ஒரு வேலை உண்டு: வற்றல் போடுவது. உங்கள் வீட்டில் வடாம் என்பீர்களோ வடகம் என்பீர்களோ, எங்கள் பக்கம் கூழ்வற்றல். ஒரு கிலோ பச்சரிசி, இருநூறு கிராம் ஜவ்வரிசி. தனித்தனியாக ஊறவைத்து, அரிசியை நைசாக அரைத்து வைத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலை கொதிக்கிற தண்ணீரில் இரண்டையும் சேர்த்துக் கிளற வேண்டும். பச்சைமிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம். கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். அந்தப் பதம் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிந்திருக்காது. உங்கள் மாமியாருக்குத் தெரியும். அவரைச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, “இன்னும் கிளறு” என்று சொல்லும் அதிகாரத்தை மட்டும் அவரிடம் கொடுங்கள். துடுப்பைப் பிடிக்க உங்கள் கணவர் இருக்கிறார்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருஷம் பேரனோடு சேர்ந்து போட்டேன். கூழை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு மிகச்சரி என்று தீர்ப்புச் சொன்னவன் நான். காய்ந்ததைப் பொரித்து வாயில் போட்டால் மெரினாவில் ஒரு வாய் அலைத் தண்ணீர் குடித்தது போல் இருந்தது. தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. கூழில் உப்பு குறைந்தாற்போல் தெரிந்தால்தான் வற்றலில் சரியாக வரும். இதை அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன். பேரன் ஆறு வயதில் கற்றுக்கொண்டான், அதுவும் என் செலவில்.

பிள்ளைகளின் வேலை மாடியில். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, முறுக்கு அச்சில் பிழிவதோ கரண்டியால் வட்டம் ஊற்றுவதோ. மகளிடம் அச்சைக் கொடுத்துவிடுங்கள். அவள் ‘அ’னா பிழியட்டும், பாம்பு பிழியட்டும், தன் பெயரைப் பிழியட்டும், பொரித்தால் எல்லாம் ஒன்றுதான். ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும், பிறகு தரை கால் வைக்க விடாது. மகனுக்கு ஒரு கறுப்புக் குடை, ஒரு குச்சி, தொட்டி நிழலில் ஓர் இடம். பக்கத்தில் உங்களில் ஒருவர். எட்டரை வரை காக்கை விரட்டுவது அவன் உத்தியோகம், அதற்குமேல் நைலான் வலை பார்த்துக்கொள்ளும். இந்த உத்தியோகத்தில் மாமூலும் உண்டு. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் அரைக்காய்ச்சல் வற்றலைப் பிய்த்துத் தின்பது. ஒரு கோடையில் நான் கால்வாசி வேட்டியைக் காலி செய்துவிட்டுக் காக்கை மேல் பழி போட்டேன். பாட்டி வேட்டியைப் பார்த்துவிட்டு, “காக்கை ஓரத்திலிருந்து வரிசையாகத் தின்னாதுடா” என்றாள். மறுநாள் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிப்பது தனிச் சுகம். முதல் வற்றல் முழுதாகக் கழன்று கையில் வரும்போது உங்கள் மகள் போனைத் தேடினால், அது படம் எடுக்கத்தான் இருக்கும். எடுக்கட்டும். போனை எதிரியாக நிறுத்திப் போர் தொடுத்தால் போன்தான் ஜெயிக்கும், நான் தோற்றவன்.

காக்கைக் காவலில் இருக்கிறவனிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். இது காக்கை கூடு கட்டுகிற காலம், குயில் அந்தக் கூட்டில் முட்டையிடுகிற காலமும் இதுதான். ‘குக்கூ’ என்று உயர உயரக் கூவுவது ஆண். கரி நிறம், சிவந்த கண். பெண்குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடுமாக இருக்கும், அதைக் குயில் என்றே பலருக்குத் தெரியாது. காக்கைகள் கூட்டமாக ஒரு பறவையைத் துரத்திக்கொண்டு போனால், துரத்தப்படுவது யார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மகளுக்கு. மத்தியான வெயில் என்று பதறாதீர்கள், இரண்டே நிமிட வேலை, தலையில் தொப்பி, காலில் செருப்பு. நீங்கள் வீட்டில் இருக்கிற நாட்களில் மட்டும் செய்தாலும் போதும். உச்சிவெயிலில் நிழல் எந்தத் திசையில் விழும் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள். சிலர் வடக்கு என்பார்கள், சிலர் நிழலே விழாது என்பார்கள். திருச்சியில் மே மாதம் இரண்டும் தப்பு. ஏப்ரல் 18 வாக்கில் சூரியன் உங்கள் ஊருக்கு நேர் உச்சியில் வந்து நின்றது. அன்று உச்சிப்பொழுதில் நட்டுக்குத்தாக நிற்கும் குச்சிக்கு நிழலே கிடையாது. கன்னியாகுமரிக்கு அதற்கு ஒரு வாரம் முன்பு, சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில். சூரியன் நேர் உச்சிக்கு வருகிற வடக்கு எல்லையான கடக ரேகைக்கும் வடக்கே இருக்கிற டெல்லிக்காரர்களுக்கு இந்த நாள் ஆண்டு முழுக்கக் காத்திருந்தாலும் வராது. நமக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும்; அடுத்தது ஆகஸ்ட் 24, 25 வாக்கில்.

அந்த ஏப்ரல் நாள் போய்விட்டது, பரவாயில்லை. அதற்குப் பிறகு சூரியன் உங்கள் தலையைத் தாண்டி வடக்கே போய்விட்டது, ஆகவே உச்சி நிழல் தெற்கே விழும். பூந்தொட்டியில் விளிம்பு வரை மணலை நிரப்பி, மணல்மட்டத்துக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி ஒரு கழியை நடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, கழி சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கழி தடிமனாக இருந்தால் நிழல் ஏமாற்றும், ஒல்லியாக இருக்கட்டும். கடிகாரத்தில் 12 மணி 12 நிமிடம் வாக்கில் நிழலின் நுனியை, கழியை ஒட்டித் தெற்குப் பக்கமாகத் தொட்டியின் மேல் ஒரு பலகையை மட்டமாக வைத்து, அதில் பென்சிலால் குறிக்க வேண்டும். ஏன் 12 மணிக்கே இல்லை என்று மகள் கேட்பாள். நம் கடிகாரம் உத்தரப்பிரதேசத்து மிர்சாப்பூர் வழியாகப் போகும் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, திருச்சி அதற்கு மேற்கே இருக்கிறது, சூரியன் உங்களிடம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். மே முதல் தேதி நிழல் ஏழு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். பிறகு நாளுக்கு நாள் நீளும். ஆனால் ஒரே சீராக நீளாது, மாதக் கடைசியில் சோம்பல் பிடித்தாற்போல் நகரும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள். பலகையில் புள்ளிகள் நெருங்கிக்கொண்டே வருவதை அவளே பார்க்கட்டும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கடக ரேகை பாடம் ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும்தான் வந்தது.

இரவில் அதே மாடிக்குப் பாய். மின்தடை வந்தால் அதிர்ஷ்டம். மே மாதம் ஒன்பது மணிக்கு வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம் கவிழ்ந்த கரண்டி போல் இருக்கும். கைப்பிடி வளைந்து போகிற போக்கிலேயே கண்ணை ஓட்டினால் செம்மஞ்சளாக ஒன்று, சுவாதி. அதே வளைவில் இன்னும் போனால் வெண்ணீலமாகச் சித்திரை. சித்திரை மாதப் பௌர்ணமி நிலா இந்த நட்சத்திரத்தின் பக்கத்தில்தான் வந்து நிற்கும், மாதத்தின் பெயரும் அதனால் வந்ததுதான். கைப்பிடியின் நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. கல்யாணத்தன்று பட்டப்பகலில் புரோகிதர் காட்டி, நீங்களும் உங்கள் கணவரும் தலையாட்டினீர்களே, அதை இப்போது நிஜமாகவே பார்க்கலாம். தெற்கே கட்டிடம் மறைக்காவிட்டால் தாழ்வாகத் தென்சிலுவையும் தெரியும்.

நுங்கு வண்டியைப் பற்றி எழுதாவிட்டால் என் வயதுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சுளையாக உரித்துப் பையில் கட்டித் தருவதை வாங்காதீர்கள். தலையைச் சீவிக் கண்ணை மட்டும் திறந்து தரச் சொல்லி, கட்டைவிரலை விட்டு நோண்டித் தின்றால்தான் கூந்தல், அதாவது வெறும் நுங்குக் கூடு, முழுதாக மிஞ்சும். இரண்டு கூந்தல், நடுவில் ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு ஓடக் கவைக்கம்பு. சட்டையில் கறை படியும், போகாது.

நீங்கள் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்றுக்குக் கொடுங்கள்: நீச்சல். முறையான குளம், முறையான பயிற்சியாளர். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அதுவரை காவிரி வெறும் மணல்தானே என்று நம்பிப் பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள். மணல் அள்ளிய குழிகளில் நிற்கிற தண்ணீரின் ஆழம் கரையிலிருந்து தெரியாது. ஒவ்வொரு மே மாதமும் செய்தித்தாளில் அந்தச் செய்தியைப் படிக்கிறோம். கிணற்றுக் குளியலைப் பற்றி எழுதுகிறவர்கள், கிணற்றிலிருந்து ஏறிவராத பையன்களைப் பற்றி எழுதுவதில்லை. எங்கள் தெருவிலேயே ஒருவன் இருந்தான்.

மீதி நாட்களில் பிள்ளைகள் பொழுது போகவில்லை என்று முனகுவார்கள். முனகட்டும். அதற்கும் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை.

மே 31 அன்று நிழல் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதுங்கள். என் கணக்குப்படி 20க்குக் கொஞ்சம் குறைய வேண்டும். தப்பாக இருந்தால் கடிதத்தை உங்கள் மகளே எழுதட்டும்.