சுஷி பேக் செய்முறை: கேள்வி பதில்

சுஷி என்ற ஜப்பானியச் சோற்று உருளையில் இருக்கும் பொருள்களை உருட்டாமல், ஒரு தட்டையான பாத்திரத்தில் அடுக்கடுக்காகப் பரப்பி, ஓவனில் சூடாக்கி எடுப்பதுதான் சுஷி பேக். அடியில் வினிகர் கலந்த சோறு, நடுவில் நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளின் துணுக்குகளும் எள்ளும் சேர்ந்த ஃபுரிகாகே எனப்படும் தூவல், மேலே மயோனைஸில் பிசைந்த நண்டுக் குச்சி (நண்டின் சுவையில் மீன் கூழால் செய்தது) அல்லது மீன் என்பது இதன் பொதுவான அமைப்பு. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டு வீட்டுச் சமையலறைகளில் இது பெரும் வரவேற்பைப் பெற்றது. இதைச் செய்து பார்த்தவர்களும் செய்யவிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் ஒத்தவற்றை ஒன்றாக்கி இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: சுஷி அரிசி கிடைக்கவில்லை. பாசுமதியிலோ புழுங்கலரிசியிலோ செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கிடைப்பது உதிரிச் சோற்றின் மேல் ஒரு மயோனைஸ் கலவையாகத்தான் இருக்கும். அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு கூறுகள் உள்ளன. அமைலோஸ் மிகுந்திருந்தால் சோறு பருக்கை பருக்கையாக நிற்கும். அது குறைந்து அமைலோபெக்டின் மிகுந்திருந்தால் பருக்கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பாசுமதி முதல் வகை, சுஷி அரிசியாக விற்கப்படும் குறுமணி ஜப்போனிகா இரண்டாம் வகை. கரண்டியால் வெட்டி எடுக்கும்போது சோறும் மேற்கலவையும் பிரியாமல் ஒரே துண்டாக வருவதே இந்த உணவின் அழகு என்பதால், இந்த ஒட்டும் தன்மையை வேறு எதனாலும் ஈடுகட்ட முடியாது. சுஷி அரிசி இல்லாவிட்டால் கால்ரோஸ் என்ற நடுத்தர மணி அரிசி நன்றாகவே பொருந்தும். ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோற்றுணவுக்குப் பயன்படும் ஆர்போரியோ அரிசியையும் நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். நடுவில் சற்றுக் கடினம் தெரியும், அவ்வளவுதான். சோறு ஒட்ட வேண்டும் என்பதற்காக ஒட்டரிசியை வாங்கிவிட வேண்டாம். அதில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லை என்பதால், சூடேறும்போது அது களியாகிவிடும்.

கேள்வி: ஆறு பேருக்கு நம்பிச் செய்யக்கூடிய ஓர் அளவைச் சொல்ல முடியுமா?

20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள பாத்திரத்துக்கு 400 கிராம் அரிசி, அதாவது 240 மி.லி. கோப்பையில் 2 கோப்பை வேண்டும். அரிசியைக் கழுவும் நீர் ஏறக்குறைய தெளியும் வரை நான்கைந்து முறை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, 2¼ கோப்பைத் தண்ணீரில் மூடி வேகவையுங்கள். வெந்தபின் மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் புழுங்க விடுங்கள். சோற்றில் கலப்பதற்கு அரிசி வினிகர் 60 மி.லி., சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி போதும். மேற்கலவைக்கு நண்டுக் குச்சி 350 கிராம், க்ரீம் சீஸ் 115 கிராம், மயோனைஸ் அரைக் கோப்பை, ஸ்ரிராச்சா போன்ற மிளகாய் விழுது 1 மேசைக்கரண்டி என எடுத்துக்கொள்ளலாம். 200 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடேறிய ஓவனில் 12 முதல் 15 நிமிடம் வைத்து, இறுதியில் ஓவனின் மேல்பக்கச் சூடேற்றும் கம்பியை (மேல்கம்பியை) மட்டும் இயக்கி இரண்டு நிமிடம் நிறம் ஏற்ற வேண்டும். இவற்றில் மிளகாய் விழுதின் அளவை அவரவர் விருப்பப்படி மாற்றலாம். தண்ணீர், வினிகர் ஆகியவற்றின் அளவுகளை முதல் முறையே மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: ஓவனில் மேலும் வேகும் என்று சோற்றை முக்கால் பதத்தில் எடுத்தேன். சாப்பிடும்போது பருக்கைகள் விறைத்திருந்தன. ஏன்?

இந்தக் கேள்வியைப் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறீர்கள். சுஷி பேக்கைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் இதையே சொல்வேன்: ஓவன் இங்கே சோற்றைச் சமைப்பதில்லை. மாவுச்சத்து வெந்து குழைய நீர் வேண்டும்; பாத்திரத்தில் அழுத்திப் பரப்பிய சோற்றுக்கு அந்த நீர் எங்கிருந்தும் கிடைப்பதில்லை, இருக்கும் ஈரமும் விளிம்புகளில் வற்றிப் போகிறது. ஓவனின் வேலை மேற்கலவையைச் சூடாக்கி, அதன் மேற்பரப்பில் பொன்னிறம் ஏற்றுவது மட்டுமே. எனவே பாத்திரத்துக்குள் போகும் சோறு அப்போதே அள்ளிச் சாப்பிடும் பதத்தில், உப்பும் புளிப்பும் சரியாக அமைந்ததாக இருக்க வேண்டும்.

வினிகர் கலவையைச் சோறு ஆவி பறக்கும்போதே ஊற்ற வேண்டும். சூடான பருக்கை அதை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆறிய சோற்றிலோ அது பருக்கையின் மேல் பூச்சாகத் தங்கி, அடியில் வடிந்து தேங்கும். கலக்கும்போது கரண்டியைச் செங்குத்தாக இறக்கி வெட்டுவதுபோல் கிளறிப் புரட்டினால் பருக்கை உடையாது. பிறகு இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, கரண்டியை ஈரமாக்கி, ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, மெல்ல அழுத்துங்கள். கல்லாக இறுகும்படி அழுத்த வேண்டாம்.

கேள்வி: அரிசி வினிகருக்குப் பதிலாக வேறு வினிகர் சேர்க்கலாமா?

ஆப்பிள் வினிகர் பொருந்தும். அது சற்றுக் காட்டமானது என்பதால் மூன்று பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாதாரண வெள்ளை வினிகரையும் இப்படி நீர்க்கச் செய்யலாம், ஆனால் அதன் நெடி தனித்துத் தெரியும்.

கேள்வி: ஓவனிலிருந்து எடுத்ததும் ஓரங்களில் எண்ணெய் மிதக்கிறது, அடியில் சோறு நனைந்துவிடுகிறது. எங்கே தவறுகிறது?

எண்ணெய்க்கும் நீருக்கும் காரணங்கள் வெவ்வேறு. மயோனைஸ் என்பது மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகளை முட்டையின் மஞ்சள் கரு நீர்மத்தில் பிடித்து வைத்திருக்கும் ஒரு கலவை. நீண்ட நேரம் கடும் சூட்டில் இருந்தால் அந்தப் பிடிப்பு தளர்ந்து எண்ணெய் தனியே கசிகிறது. இருபத்தைந்து, முப்பது நிமிடம் ஓவனில் விட்டவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைப்பதைவிட அதிகச் சூட்டில் குறைந்த நேரம் வைப்பதே இங்கு நல்லது. க்ரீம் சீஸ் சேர்ப்பதற்கும் சுவை மட்டும் காரணமன்று. அது கலவைக்குக் கெட்டித்தன்மை தருவதால் மயோனைஸைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. அறை வெப்பநிலைக்கு வந்து இளகிய க்ரீம் சீஸை முதலில் தனியே குழைத்துவிட்டு மற்றவற்றைச் சேர்த்தால் கட்டிகள் இராது.

நீர் வருவது பெரும்பாலும் நண்டுக் குச்சியிலிருந்துதான். அது சுரிமி எனப்படும் மீன் கூழில் மாவுச்சத்து, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்துச் செய்யப்படுகிறது. உறைந்த நிலையில் வாங்கினால் உருகும்போது நிறைய நீர் விடும். குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் உருகவிட்டு, நார் நாராகப் பிரித்து, சுத்தமான துணியில் பிழிந்துவிட்டுச் சேருங்கள். டின் மீனுக்கும் உறைந்த இறாலுக்கும் இதே விதி பொருந்தும். நறுக்கிய வெங்காயத்தாளைக் கலவைக்குள் அள்ளிப் போடுவதும் நீரைக் கூட்டும் என்பதால் அதைப் பரிமாறும்போது தூவுவதே சிறந்தது.

கேள்வி: பச்சை சால்மனைத் துண்டுகளாக்கி நேராக மேலே போட்டால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடாதா?

சிறு துண்டுகளாக, மெல்லிய அடுக்காகப் பரப்பினால் வெந்துவிடக்கூடும். மயோனைஸுக்கு அடியில் புதைந்த துண்டு வெந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது என்பதுதான் சிக்கல். மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்டுவது பாதுகாப்பானது. இந்தச் சந்தேகத்தோடு பரிமாறுவதைவிட, உப்பும் சிறிது சோயா சாஸும் தடவி, அதே 200 டிகிரி ஓவனில் மீனின் தடிமனுக்கு ஏற்ப 10 முதல் 15 நிமிடம் முன்னதாகவே வேகவைத்து, முள்கரண்டியால் உதிர்த்து, வெளிவந்த சாற்றை வடித்துவிட்டுக் கலப்பது மேலானது. அப்படி வேகவைத்த மீன் கலவையில் சீராகப் பரவுவதால் சுவையும் கூடுகிறது. பச்சையாகச் சாப்பிடும் சுஷிக்கான உயர்தர மீனை இதற்காக வாங்குவது வீண் செலவு.

கேள்வி: எங்களிடம் ஓவன் இல்லை. மாற்று வழி உண்டா?

ஏர் ஃப்ரையர் நல்ல மாற்று. அதன் கூடைக்குள் அடங்கும் சிறு உலோகப் பாத்திரத்தில் பரப்பி, 180 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் வைத்தால் மேல்நிறமும் வந்துவிடும். மேலிருந்து காற்று வேகமாக வீசுவதால் ஃபுரிகாகேயை மேலே தூவாமல் அடுக்கின் நடுவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையேல் நோரித் துணுக்குகள் பறந்து கருகும். அடிகனமான வாணலியில் மூடிபோட்டுச் சிறு தீயில் சூடாக்கினால் அடிச்சோறு மொறுமொறுப்பாகும், மேல்நிறம் வராது. எனக்கு அந்த மொறுமொறுப்பே பிடிக்கும். மைக்ரோவேவில் சூடு மட்டுமே கிடைக்கும்.

கேள்வி: கண்ணாடிப் பாத்திரத்தில் செய்யலாமா?

ஓவனுக்கு ஏற்ற கண்ணாடி என்றால் சாதாரணச் சூட்டுக்குச் செய்யலாம். ஆனால் மேல்கம்பிச் சூட்டில் வைக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனேயும் ஓவனுக்குள் தள்ளாதீர்கள். திடீர் வெப்ப மாற்றத்தில் கண்ணாடி வெடிக்கும். இறுதியில் நிறம் ஏற்ற விரும்பினால் உலோகத் தட்டே பாதுகாப்பானது.

கேள்வி: நோரித் தாளை உள்ளேயே ஓர் அடுக்காக வைத்துவிட்டால் என்ன?

ஈரத்தை உறிஞ்சி, வெட்டுவதற்கும் மெல்லுவதற்கும் வராத தோலாகிவிடும். நோரி மொறுமொறுப்பாக இருக்கும்போதுதான் இந்த உணவுக்குப் பொருள் உண்டு. சிறு சதுரங்களாக வறுத்து விற்கப்படும் நோரியை மூடிய டப்பாவிலேயே மேசைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொருவரும் வாயில் வைக்கும் நேரத்தில் ஒரு கரண்டி அள்ளி வைத்துச் சுருட்டிக்கொள்ளும்படி விடுங்கள். உள்ளே நோரியின் மணம் வேண்டும் என்பதற்குத்தான் ஃபுரிகாகே இருக்கிறது.

கேள்வி: மீனும் முட்டையும் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும், நன்றாகவும் இருக்கும். கிங் ஆய்ஸ்டர் எனப்படும் தடித்த தண்டுக் காளானை முள்கரண்டியால் நார் நாராகக் கிழித்து, நீர் முழுவதும் வற்றும் வரை வாணலியில் வதக்கி, சோயா சாஸ் சேர்த்தால் நண்டுக் குச்சியின் நார்த்தன்மைக்கு மிக அருகில் வரும். அதோடு பிழிந்து உதிர்த்த டோஃபு, முட்டையில்லா மயோனைஸ் ஆகியவற்றைச் சேர்க்கலாம். பல ஃபுரிகாகே வகைகளில் உலர்ந்த மீன் சீவல் இருக்கும் என்பதால் உறையைப் படித்து வாங்குங்கள், அல்லது வறுத்த எள், நொறுக்கிய நோரி, உப்பு, சிறிது சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு நீங்களே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அவகாடோ, வெள்ளரிக்காய், மீன் முட்டை ஆகியவற்றை எப்போது சேர்ப்பது?

மூன்றையும் ஓவனிலிருந்து எடுத்தபிறகு, பரிமாறும் நேரத்தில். சூட்டில் அவகாடோ கசக்கும், வெள்ளரி நீர் விடும், மீன் முட்டை வெந்து, வாயில் வெடிக்கும் தன்மையை இழக்கும்.

கேள்வி: விருந்துக்கு முதல் நாளே செய்து வைக்கலாமா? மிஞ்சினால் எவ்வளவு நாள் வரும்?

மேற்கலவையை முதல் நாளே செய்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். சோற்றை அன்றே வடிப்பதுதான் நல்லது, ஏனெனில் குளிரில் சோற்றின் மாவுச்சத்து மீண்டும் இறுகி, பருக்கை விறைக்கும்.

மிஞ்சியதைப் பற்றிக் கவனமாக இருங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைத்த பின்னும் சோற்றில் உயிரோடு இருக்கக்கூடும். அறைச் சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வினிகரின் புளிப்பு இந்த வளர்ச்சியைத் தடுக்கக்கூடியதுதான். உணவகங்கள் இதற்காகவே சோற்றின் புளிப்பை அளந்து பார்க்கின்றன. வீட்டில் நாம் அளப்பதில்லை என்பதால் அதை நம்பி மேசையில் விட்டுவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். மறுபடி சூடாக்கும்போது ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, உள்ளே 74 டிகிரி வரும் வரை வைத்தால் சோறும் இளகும். அவகாடோவும் வெள்ளரியும் மேலே கிடந்தால் அவற்றை எடுத்துவிட்டே சூடாக்க வேண்டும்.

கேள்வி: விருந்தினரில் ஒருவருக்குக் கோதுமை ஆகாது. அரிசி உணவுதானே, தரலாமா?

அப்படியே தர வேண்டாம். பெரும்பாலான நண்டுக் குச்சிகளிலும் சாதாரண சோயா சாஸிலும் கோதுமை உண்டு. வேகவைத்த மீனையும் கோதுமையில்லாத தமாரி வகைச் சாஸையும் பயன்படுத்தி, மயோனைஸ், ஃபுரிகாகே, சுவையூட்டிய நோரி ஆகியவற்றின் உறைகளையும் படித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நண்டு, இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதையே சொல்கிறேன்; மீனில் செய்த நண்டுக் குச்சியிலும் மணத்துக்காக உண்மையான நண்டுச் சாறு சேர்ப்பது வழக்கம்.