பிளாக்ஸ்பாட்டில் 12 வருடம் எழுதியதை எதுவும் தொலையாமல் சொந்தத் தளத்துக்கு மாற்ற முடியுமா?

முடியும். ஏறக்குறைய 400 பதிவுகள், படங்கள், வாசகர் கருத்துகள் எல்லாவற்றையும் வேர்ட்பிரஸில் அமைத்த சொந்தத் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பழையதை அதன்பிறகு அழித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மதுரைப் பக்கத்து விவசாயச் சொற்களைப் பற்றி நான் எழுதிய 312 பதிவுகளை 2021இல் இப்படி மாற்றினேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், எழுத்தை மாற்றுவது அரை மணி நேர வேலை. பிளாக்ஸ்பாட் வலைப்பூக்களை இயக்கும் கூகுளின் சேவையான பிளாகரின் அமைப்புகளில் பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. பதிவுகளும் கருத்துகளும் ஒரே கோப்பாக வந்துவிடும். வேர்ட்பிரஸில் 'கருவிகள்' பகுதிக்குப் போய், பிளாகருக்கான இறக்குமதிச் செருகுநிரலை (பிளகின்) நிறுவி, அந்தக் கோப்பைக் கொடுத்தால் போதும். கோப்பு 2 எம்பிக்கு மேல் இருந்தால் சில சர்வர்கள் ஏற்காது. தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங்காரரிடம் சொன்னால் அளவைக் கூட்டித் தருவார்கள். லேபிள்களும் கூடவே வரும், பிறகு நிதானமாகத் தரம் பிரித்துக்கொள்ளலாம்.

கஷ்டம் முகவரியில்தான், அதுவும் தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக. உங்கள் பழைய பதிவுகளின் முகவரிகளைத் திறந்து பாருங்கள். பிளாகர் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும்போது ரோமன் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே எடுத்துக்கொள்ளும். தமிழ்த் தலைப்பில் அதற்கு எதுவும் கிடைக்காது. அதனால் 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுவாக ஒரு பெயரை வைத்து, அடுத்தடுத்த பதிவுகளுக்கு அதன் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். முகவரியைப் பார்த்து எந்தப் பதிவு என்று உங்களாலேயே சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடத்தில் யார் யாரோ தங்கள் பக்கத்தில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் இணைப்புகள் எல்லாம் இந்த எண்களை நம்பித்தான் இருக்கின்றன.

வேர்ட்பிரஸில் நேர் எதிரான சிக்கல். அது தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரிக்குள் ஒன்பது இடத்தைப் பிடிக்கும். 'கி' என்பது பார்க்க ஓர் எழுத்து, கணக்கில் இரண்டு குறி. புள்ளியும் தனிக் குறிதான். மொத்த இடம் 200. ஆக 22 குறிக்குள் தலைப்பு முடிந்தாக வேண்டும். 'கமலை இறைத்த காலத்தில் எங்கள் தோட்டம்' என்று ஒரு பதிவு வைத்திருந்தேன் (கமலை என்றால் மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் முறை). அதன் முகவரி 'கமலை-இறைத்த-காலத்தில்-எங' என்று வந்து நின்றது. 'எங்கள்' என்ற சொல்லில் 'ங'வுக்கு மேல் புள்ளி வைக்கக்கூட இடமில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதே முகவரி சதவீதக் குறிகளும் எண்களுமாக நான்கைந்து வரிக்கு நீளும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் நீங்களே முகவரி கொடுத்துவிடுங்கள். 400 பதிவு என்றால் நான்கைந்து மாலைப் பொழுது ஆகும். ஆகட்டும், அந்த உழைப்பு வீண்போகாது.

இதற்கு முன்பே ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: பழைய முகவரி, தலைப்பு, தேதி, புதிய முகவரி. பழைய முகவரியை இறக்குமதிச் செருகுநிரலே ஒவ்வொரு பதிவோடும் ஒட்டிய தனிப்புலத்தில் (கஸ்டம் ஃபீல்டு) குறித்து வைக்கும் என்றாலும், உங்கள் கையில் ஒரு பிரதி இருப்பது நல்லது. பதிவுகளுக்குள் 'முந்தைய பகுதி இங்கே' என்று நீங்களே கொடுத்த இணைப்புகளையும் தேடித் திருத்த வேண்டும். அதில் முக்கியமானது ஒன்று: 2012 முதல் சில வருடங்கள் இந்தியாவிலிருந்து திறந்தால் பிளாக்ஸ்பாட் முகவரி 'டாட் இன்' என்று மாறிக் காட்டும். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருப்போம். அந்த 'டாட் இன்' பெயர் 2020இல் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. அந்த இணைப்பு ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

இனி அழிக்கக் கூடாது என்றதற்குக் காரணம். சொந்தப் பெயரை வாங்கி பிளாகரில் பொருத்தியிருந்தீர்கள் என்றால் கவலையில்லை, அந்தப் பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்டு, பழைய முகவரிகளைப் புதியவற்றுக்கு 301 முறையில் நிரந்தரமாகத் திருப்பிவிடலாம். ஆனால் இலவச பிளாக்ஸ்பாட் முகவரியிலிருந்து வெளித் தளத்துக்கு அப்படித் திருப்ப வழியில்லை. பிளாகர் தரும் திருப்பிவிடும் வசதி அதே வலைப்பூவுக்குள் மட்டும்தான். அதனால் பழைய வீடு நிற்க வேண்டும். ஒவ்வொரு பழைய பதிவின் தலையிலும் 'இந்தப் பதிவு இப்போது இங்கே இருக்கிறது' என்று ஒரு வரியும் இணைப்பும் போடுங்கள். எது மூலம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிக்கல் குறியையும் டெம்ப்ளேட்டில் சேர்க்க முடிந்தால் சேருங்கள்.

படங்களுக்கு வருவோம். பேக்கப் கோப்பில் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். மாற்றியபின் புதிய தளத்தில் படங்கள் தெரிகின்றனவே என்று ஏமாந்துவிடாதீர்கள். அவை பழைய இடத்திலிருந்து வந்துகொண்டிருக்கலாம். ஒரு படத்தை வலது சொடுக்கி முகவரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். இறக்கி வைக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள்: அந்த முகவரியின் நடுவில் 'எஸ்320' என்றோ 'எஸ்640' என்றோ இருக்கும். அது சிறிய பிரதியின் அளவு. 'எஸ்1600' என்று மாற்றிக்கொண்டு இறக்குங்கள். வேறு ஏதாவது இலவசப் படத் தளத்தில் ஏற்றியிருந்தால் அவற்றை முதலில் காப்பாற்றுங்கள். அப்படி ஒரு தளத்தில் வைத்திருந்த என் பதினொரு படங்கள் போயே போய்விட்டன. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடி நான்கை மீட்டேன்.

சரி, கருத்துகள். எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். கமலை பற்றிய பதிவில், 'சால்' என்ற நீர் அள்ளும் கலத்தை இழுக்க ஒரு கயிறு என்று எழுதியிருந்தேன். 'பெயரில்லா' என்ற பெயரில் ஒருவர் வந்து, "தம்பி, கயிறு ரெண்டு. மேல் உருளையில ஓடுறது வடக்கயிறு, அது சாலுக்கு. கீழ் உருளையில ஓடுறது வால் கயிறு, அது தும்பித் தோலுக்கு. வால் கயிறு இல்லாட்டி தண்ணி கிணத்துலயே கொட்டிரும்" என்று எழுதியிருந்தார். தும்பி என்பது சாலின் அடியில் இருக்கும் தோல் குழாய். பதிவைவிட அந்த நான்கு வரி மேலானது. யார் எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இறக்குமதி முடிந்ததும் நான் முதலில் தேடியது அதைத்தான். நீங்களும் பழைய தளத்தில் கருத்துகளின் மொத்த எண்ணிக்கையைக் குறித்துவைத்துப் புதியதோடு ஒப்பிடுங்கள். எரிதங்களின் (ஸ்பேம்) பட்டியலையும் ஒருமுறை பாருங்கள், நல்ல கருத்துகள் சில அங்கே போய் மாட்டியிருக்கும்.

அப்புறம், பின்னாளில் ஹோஸ்டிங் மாற்றும்போது எழுத்துகளுக்குப் பதிலாகத் தலையில் கோடு போட்ட ரோமன் 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரிசையாக வந்தால் பயப்படாதீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அதை லத்தீன் என்று நினைத்துத் தனித்தனியாகப் படித்துவிட்டது தரவுத்தளம். எனக்கு அப்படி நேர்ந்தது. அந்த நிலையில் ஒரு பதிவைக்கூடத் திருத்திச் சேமிக்கக் கூடாது. புதிய தரவுத்தளத்தில் ஏற்றியதை மட்டும் அழித்துவிட்டு, அதன் எழுத்து முறையை யுடிஎஃப்8எம்பி4 என்று அமைத்து மறுபடி ஏற்றினால் தமிழ் திரும்பி வந்துவிடும்.

இன்று செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பேக்கப் கோப்பை எடுத்து கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய தளம் அடுத்த மாதம் வந்தாலும் பரவாயில்லை.