அம்மும்மா மலையாளம் பேசட்டும், போன் ஓயட்டும்

கேள்வி: கேரள எல்லையோரம், குழித்துறைப் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 20 மாதம். நான் அவனிடம் தமிழில் பேசுவேன். கணவரின் அம்மா (மகனுக்கு அம்மும்மா) கேரளத்துப் பாறசாலைக்காரர், மலையாளம்தான் பேசுவார். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நாம் சொல்வது பிள்ளைக்குப் புரிகிறது, வேண்டியதைக் கையால் காட்டுகிறான். ஆனால் எட்டு வார்த்தைதான் பேசுகிறான். போனில் ஆங்கிலப் பாட்டு ஓடினால்தான் சோறு இறங்குகிறது. "ரெண்டு மொழியும் கேட்டுக் குழம்பிட்டான், மலையாளத்தை நிறுத்து" என்கிறார் நாத்தனார். நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். நிறுத்த வேண்டியது போனை.

முதலில் அந்த எட்டு. தமிழ் வார்த்தைகளை மட்டும் எண்ணினீர்களா? தண்ணீருக்கு உங்களிடம் 'தண்ணி', அம்மும்மாவிடம் மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் அது இரண்டு வார்த்தை. நாயைப் பார்க்கும்போதெல்லாம் 'பவ் பவ்' என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒரு வாரம் நீங்களும் அம்மும்மாவும் எழுதி வாருங்கள். இரண்டு வயதில் இரு மொழியும் சேர்த்து ஏறக்குறைய 50 சொற்களும், 'பால் தா' மாதிரி இரண்டு சொல் சேர்த்த பேச்சும் வந்திருக்க வேண்டும்.

குழப்பம் என்பது பெரியவர்களின் பயம். ஸ்பெயினில் பேசும் ஸ்பானிஷும் கத்தலானும், நம் தமிழும் மலையாளமும் போல, ஒட்டிப் பிறந்த மொழிகள். அவை இரண்டும் பேசும் பார்சிலோனா வீடுகளில், நாலைந்து மாதக் குழந்தைகளே இரண்டையும் பிரித்தறிவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மகன் ஒரே பேச்சில் இரண்டையும் கலப்பான். கலக்கட்டும். எல்லையோரக் களியக்காவிளைச் சந்தையில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டதில்லையா?

இனி போன். அமெரிக்காவில் குழந்தைகளின் பேச்சை ஆராயும் பாட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் 12 முறை சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதை சொன்னார்கள். அந்த மொழியின் ஒலி வேறுபாடுகள் அந்தக் குழந்தைகளுக்குப் பிடிபட்டன. அதே ஆட்கள் பேசியதை டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றுமே ஏறவில்லை. காரணம் எளிது: குழந்தை 'ஆ' என்றால் திரும்ப 'ஆ' என்று சொல்ல டிவிக்குத் தெரியாது. இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சு வளர்கிறது. அதனால் அப்பாவின் வீடியோ கால் நிறுத்த வேண்டியதில் சேராது. அவர் மகனுக்குப் பதில் சொல்கிறாரே! உலக சுகாதார நிறுவனமும் இரண்டு வயது நிறையாத பிள்ளை டிவி, வீடியோ என்று உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம் என்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்யலாம்? மட்டி வாழைப்பழத்தைக் காட்டி 'உரிக்கவா?' என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நம்மில் பலர் பிள்ளை வாயைத் திறக்குமுன் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். அவன் மழலையில் 'பயம்' என்றால், 'ஆமா, பழம், மஞ்சப் பழம்' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். 'சரியாச் சொல்லு' என்று அதட்ட வேண்டாம். அம்மும்மா இதையே மலையாளத்தில் செய்யட்டும். முதல் இரண்டு மூன்று நாள் சோறு இறங்காமல் அழுவான், தாங்கிக்கொள்ளுங்கள். நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னால் அதற்கும் வேலையில்லை.

காதையும் பார்த்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தங்கலாம். கைதட்டினால் திரும்புவான், ஆனால் மெல்லிய ஒலிகள் தப்பிப்போகும். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வார்த்தைகளை எழுதிய அந்தத் தாளையும் கொண்டு போங்கள். இரண்டு வயதாகியும் சொற்கள் சேரவில்லை என்றால், "ஆம்பிளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்று காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். பேசிய வார்த்தைகளை இழக்கிறான் என்றால் அதுவரைக்கும்கூடப் பொறுக்க வேண்டாம், அந்த வாரமே போய்விடுங்கள்.