கேள்வி – பதில்: கரையை வெட்டினால் தண்ணீர் வடியுமா?

கேள்வி: வங்கதேசத்தில் வயலில் தேங்கும் தண்ணீரை வடிக்க ஆற்றங்கரையை வெட்டிவிடுகிறார்களாமே? அப்படிச் செய்தால் வெள்ளம் இன்னும் அதிகமாகாதா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: வங்கதேசத்தின் தென்மேற்கில் உள்ள குல்னா, ஜசோர் வட்டாரத்துக் கதை இது. அங்கே ஊரை மூழ்கடிப்பது பெரும்பாலும் வடிய வழியில்லாத மழைநீர்தான். முன்பு விவசாயிகள் ஆண்டுக்கு எட்டு மாதம் மட்டும் நிற்கும் மண்கரை போடுவார்கள். அறுவடை முடிந்ததும் அதைக் கலைத்துவிட்டால் ஓதநீர் (கடலின் ஏற்ற இறக்கத்தால் ஆற்றில் ஏறி வரும் நீர்) வயலில் ஏறி வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். 1960களில் அதற்குப் பதிலாக நிரந்தரக் கரைகளும் மதகுகளும் வந்தன. உப்புநீர் உள்ளே வருவது நின்றது, சில காலம் நெல்லும் நன்றாக விளைந்தது. ஆனால் வயலுக்குள் போக முடியாத வண்டல் ஆற்றிலேயே படிந்தது. 1980களில் ஆற்றுப்படுகை வயலைவிட மேடாகிவிட்டது. மதகின் வெளிப்பக்கம் சேறு அடைத்துக்கொண்டதால் கதவைத் திறந்தும் தண்ணீர் போகவில்லை. 1990இல் பில் டகாதியாவில் மக்களே கரையை வெட்டினார்கள். ('பில்' என்றால் கிண்ணம்போல் தாழ்ந்த நிலம்.) 1997 அக்டோபரில் பில் பைனாவிலும் அதுவே நடந்தது.

சுமார் 600 ஹெக்டேர் உள்ள ஒரு பில்லில் சராசரி ஒரு மீட்டர் தண்ணீர் ஏறினால் அது 60 லட்சம் கன மீட்டர். நாளைக்கு இரண்டு முறை அவ்வளவும் உள்ளே வந்து, வண்டலைப் படியவிட்டு, இறக்கத்தில் வேகமாக வெளியேறும். அந்த வேகம்தான் ஆற்றுப்படுகையை அரித்து ஆழமாக்குகிறது. பில் பைனாவை ஒட்டித் தூர்ந்து கிடந்த ஹரி ஆறு பல மீட்டர் ஆழமானது இப்படித்தான். இயந்திரம் வைத்துத் தூர்வாரினால் அடுத்த கோடையின் ஓதமே அந்தப் பள்ளத்தை மறுபடி நிரப்பத் தொடங்கிவிடும்.

கேள்வி: அவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் எல்லா இடத்திலும் செய்யவில்லை? (திருவாரூர் வாசகர்)

பதில்: வெட்டிய வாய்க்கு அருகில் நிலம் ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரும், கடைசி மூலைக்கு அதில் சிறு பங்குகூடப் போகாது. உள்ளே நுழைந்ததும் நீரின் வேகம் குறைந்து, வண்டலில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடுவதுதான் காரணம். இப்படி வாய்ப்பக்கம் மேடாகிவிட்டால் பின்பக்கத்து விவசாயிக்கு முன்னைவிட மோசமான தேக்கம். உள்ளே வாய்க்கால் வெட்டிக் கடைசி மூலைவரை நீரைக் கொண்டுபோக வேண்டும். பில்லைச் சிறு வரப்புகளால் பிரித்துத் தொலைவில் உள்ள பாத்தியை முதலில் நிரப்புவது இன்னும் நல்லது. திறக்கும் காலமும் முக்கியம். ஜனவரி முதல் மே வரை ஓதநீரில் சேறு அடர்த்தியாக இருக்கும். ஆகவே வெட்டு, உள்வாய்க்கால், ஊர்ப்பக்கச் சுற்றுக்கரை மூன்றும் டிசம்பருக்குள் தயாராக வேண்டும். சுற்றுக்கரை பலவீனமாக இருந்தால் பக்கத்து ஊருக்குள் உப்புநீர் புகுந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பணம். நிலம் மூன்று முதல் ஆறு ஆண்டு தண்ணீரில் கிடக்கும். பட்டா சரியாக இல்லாதவருக்கும் குத்தகைக்காரருக்கும் நிவாரணம் கைக்கு வருவதில்லை. ஒரு பில் மேடானதும் அடுத்ததைத் திறந்தால்தான் ஆறு ஆழமாகவே இருக்கும். அப்படி கிழக்கு பில் குக்சியாவுக்கு அடுத்து பில் கபாலியாவைத் திறக்க வேண்டியிருந்தது. 2012இல் அங்கே எதிர்ப்பு வெடித்து வேலை நின்றது. அடுத்த பில் இல்லாததால் ஹரி ஆறு மீண்டும் தூர்ந்தது, அதே வட்டாரத்தின் பவதா பகுதியில் மறுபடி தண்ணீர் தேங்கியது. எதிர்த்த கபாலியா விவசாயியைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. நிவாரணத்தை முதல் ஆண்டு தண்ணீர் ஏறும் முன்பே கொடுத்துவிட வேண்டும், குத்தகைக்காரர் பெயரையும் சேர்த்து.

கேள்வி: நாகை கடைமடையில் இதைச் செய்யலாமா? (வேதாரண்யம் வாசகர்)

பதில்: வேண்டாம். குல்னா பக்கம் ஓதம் இரண்டு, மூன்று மீட்டர் ஏறி இறங்கும். நாகையில் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. காவிரி வண்டலும் அணைகளிலேயே பெருமளவு தங்கிவிடுகிறது. கரையை வெட்டினால் உப்பு மட்டும்தான் வரும். நம் முகத்துவாரங்களை அடைப்பது அலை கொண்டுவரும் கடல் மணல். அதைத் தள்ளி வெளியேற்றப் பின்னால் உள்ள உப்பங்கழிகளில் நீர் ஏறி இறங்க இடம் வேண்டும். கழியை மறித்து இறால் பண்ணைக் கரை போட்டிருந்தால், முகத்துவாரத்தைத் தோண்டுமுன் அந்தக் கரையை அகற்றச் சொல்லி மனு கொடுங்கள்.